காதும் கணக்கும்: பழவேற்காட்டுக் குப்பங்களை முன்வைத்துச் செவிலியர் நடத்தும் காதுச் சிகிச்சைப் பிரிவின் செலவும் பயனும்

மருத்துவப் பொருளியலில் ‘செலவுக்கேற்ற பயன்’ என்று சொல்லப்படுவது வெறும் சிக்கனம் அன்று. ஒரு சேவைக்காகச் செலவாகும் பணம், அதே பணத்தை வேறொரு வழியில் செலவிட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உடல்நலத்தைவிடக் கூடுதலான உடல்நலத்தைத் தருகிறதா என்று பார்ப்பதே அந்தக் கணக்கின் சாரம். எனவே அதில் இரண்டு கேள்விகளுக்கு முதலிலேயே விடை காண வேண்டியிருக்கிறது: யாருடைய செலவு எண்ணப்படுகிறது என்பது ஒன்று; அந்தச் சேவை இல்லாவிட்டால் மக்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது மற்றொன்று. செவிலியர் நடத்தும் காதுச் சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவைப் பற்றி மேலை நாடுகளில் நடந்த ஆய்வுகள் இவ்விரண்டு கேள்விகளுக்கும் தத்தம் ஊரின் நிலைமைக்கேற்ப விடை கண்டிருக்கின்றன. அந்த விடைகளை அப்படியே பழவேற்காட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதும், பழவேற்காட்டுக்குரிய விடையைத் தேடினால் செவிலியர் பிரிவுக்கான வாதம் இன்னும் வலுப்பெறுகிறது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்துகள்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பரப்பு ஆந்திரத்தில் இருக்க, தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் அமைந்து, முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடலோடு கலக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் முதலிய குப்பங்களில் வாழும் பட்டினவர்கள் வலையாலும், இருளர்கள் பெரும்பாலும் வெறுங்கையாலும் இந்த ஏரியை நம்பிப் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்தும் குனிந்தும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு, இங்கே காது என்னும் உறுப்பு ஆண்டு முழுவதும் எவ்வளவு நேரம் நனைந்தே இருக்கிறது என்பது விளங்கும். செவிக்குழாய் ஓயாமல் ஈரமாக இருந்தால் அதன் தோல் ஊறி, காளான் தொற்றும் புறச்செவி அழற்சியும் எளிதில் வருகின்றன. சளி பிடித்த குழந்தைக்கு மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் வழியே கிருமி ஏறிச் சீழ் கட்டி, செவிப்பறை ஓட்டையாகி, அந்த ஓட்டை ஆறாமல் வாரக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டே இருப்பதை நாள்பட்ட சீழ்வடியும் நடுச்செவி அழற்சி என்று மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். கடலுக்குப் போகும் ஃபைபர் படகுகளில் எந்திரத்தை ஒட்டியே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவர்களின் உள்செவி, இரைச்சலால் மெல்ல மெல்லத் திறனிழப்பது வேறொரு வகை. குறும்பி அடைப்பு எல்லா ஊர்களுக்கும் பொது.

உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, நாள்பட்ட சீழ்வடியும் காதுநோய் மிகுந்த நாடுகளின் வரிசையில், அதாவது நூற்றுக்கு நால்வருக்கு மேல் பாதிக்கப்பட்ட நாடுகளின் வரிசையில், இந்தியாவை வைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 1990களில் அப்பகுதிக் கிராமக் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு இந்நோய் இருந்தது. காதில் எண்ணெய் விடுவது போன்ற தீங்கான வழக்கங்களும் அங்கே பதிவாயின. காய்ச்சிய எண்ணெய், பூண்டெண்ணெய், கொண்டை ஊசி, கடையில் கேட்டு வாங்கும் ஏதோ ஒரு சொட்டுமருந்து என்பவை தமிழகத்துக் கிராமங்கள் எங்கும் காதுநோய்க்கு முதல் மருத்துவமாக இருந்துவருகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது தீங்கற்றதுபோலத் தோன்றினாலும், ஜென்டாமைசின் போன்ற மருந்தடங்கிய சொட்டு, ஓட்டையான செவிப்பறையைத் தாண்டி உள்ளே போனால் உள்செவிக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த எச்சரிக்கை.

செவிலியர் நடத்தும் காதுச் சிகிச்சைப் பிரிவு என்பது காது மூக்கு தொண்டை மருத்துவரின் இடத்தில் ஒரு செவிலியரை உட்கார வைப்பது அன்று. காதுநோய்களுள் பெரும்பகுதி, நோயை ஒருமுறை கண்டறிந்த பின் பலமுறை திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய சிறு வேலைகளாலேயே குணமாகிறது. விளக்கும் உருப்பெருக்கியும் கொண்ட ஓடோஸ்கோப்பால் செவிப்பறையைப் பார்த்தல், இசைக்கவையைத் தட்டிக் கேட்கும் குறை எவ்வகையது என்று பிரித்தறிதல், குறும்பியைச் சொட்டால் இளக்கி உடல் வெப்பத்துக்கு ஒத்த வெதுவெதுப்பான நீரால் கழுவியோ உறிஞ்சுகுழலால் எடுத்தோ அகற்றுதல், வடியும் சீழைப் பஞ்சுத் திரியால் ஒற்றி உலர்த்துதல், உலர்ந்த காதில் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு விடுதல், அதைத் தாய் வீட்டில் எப்படிச் செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தல் ஆகியவை அந்த வேலைகள். செவிப்பறை ஓட்டையானவருக்கும், முன்பு காதில் அறுவை செய்துகொண்டவருக்கும், கேட்கும் காது ஒன்றே எஞ்சியவருக்கும் நீரால் கழுவக் கூடாது என்னும் அறிவும் அந்த வேலையைச் சேர்ந்ததே. பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனமான நைஸ் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கையால் அழுத்தும் பழைய பீச்சுக்குழலைக் கைவிடச் சொல்லி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையோ உறிஞ்சுகுழலையோ பயன்படுத்தப் பணித்தது. நம் மருத்துவமனைகளில் அந்த உலோகப் பீச்சுக்குழல் இன்னும் விடைபெறவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு இங்கிலாந்தின் ராதரம் நகரைச் சேர்ந்தது. நிலக்கரியும் எஃகும் வளர்த்த தொழிலாளர் நகரமான அங்கே, காது பராமரிப்பில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் நடத்திய சேவையையும், அத்தகைய சேவை இல்லாத அண்டை நகரமான பார்ன்ஸ்லியில் குடும்ப மருத்துவர்கள் தந்த வழக்கமான சிகிச்சையையும் ஒப்பிட்டு, 1997இல் பிரிட்டிஷ் பொதுமருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. செவிலியர் சேவையில் மொத்தச் செலவு குறைந்தது, வாய்வழி எதிருயிரி மருந்துகளின் பயன்பாடு குறைந்தது, மருத்துவரின் பணிச்சுமை குறைந்தது, நோயாளிகளின் நிறைவு கூடியது என்று அவ்வாய்வு காட்டியது. எதிருயிரி மருந்து குறைந்ததைத் தற்செயல் என்று கொள்ள வேண்டியதில்லை. காதைச் சுத்தம் செய்ய நேரமும் பயிற்சியும் உடையவர் சுத்தம் செய்கிறார். அவை இல்லாதவர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்.

ஆயினும் ராதரம் நகரத்துக் கணக்கில் ஒப்பிடப்பட்ட மாற்று, எளிதில் அணுகக்கூடிய குடும்ப மருத்துவர். அங்கே நோயாளி எப்படியும் சிகிச்சை பெற்றிருப்பார்; கேள்வி, யார் கையால் என்பது மட்டுமே. ஆகையால் மருத்துவரின் விலைமதிப்புள்ள நேரத்துக்குப் பதிலாகச் செவிலியரின் நேரம் செலவானபோது அரசின் பணம் மிச்சமாயிற்று. பழவேற்காட்டுக் குப்பத்தில் காது வடியும் ஒரு குழந்தையின் முன்னிருக்கும் மாற்றுகளோ வேறு: எண்ணெய், மருந்துக்கடை, பொன்னேரி அரசு மருத்துவமனை, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தெற்கே சென்னையின் ஸ்டான்லி மருத்துவமனை, அல்லது தானாக நின்றுவிடும் என்று காத்திருத்தல். இவற்றுள் கடைசி மாற்றுக்கு அரசின் ஏட்டில் ஒரு பைசாவும் செலவில்லை. எனவே பழவேற்காட்டில் ஒரு செவிலியர் பிரிவு திறக்கப்பட்டால், இதுவரை வராதவர்கள் வருவார்கள். அரசின் செலவு குறையாது, கூடும். இந்த உண்மையை மறைத்து, பணம் மிச்சமாகும் என்று வாக்களித்து நிதித்துறையை இணங்க வைப்பது நேர்மையாகாது. கூடும் செலவுக்கு ஈடாக, இதுவரை எவர் கணக்கிலும் ஏறாமல் இழக்கப்பட்டுவந்த செவித்திறன் மீட்கப்படுகிறது என்பதே சொல்லப்பட வேண்டிய வாதம். அந்த வாதம் தன் காலிலேயே நிற்க வல்லது.

இனி யாருடைய செலவு என்னும் கேள்வி. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் தமிழகப் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், காது வடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகும் தாய்க்குச் செலவே இல்லை என்று தோன்றலாம். ஆனால் இங்கே கண்ணில் படாத ஒரு செலவு உண்டு. பொருளியலார் ‘வாய்ப்பிழப்புச் செலவு’ என்று குறிப்பது, ஒரு காரியத்தில் ஈடுபட்டதால் கைவிட நேர்ந்த வருமானத்தை. மீன் விற்கும் பெண்ணுக்கு விடியற்காலையில் கரையேறும் மீன் அன்றைக்கே விற்றாக வேண்டிய சரக்கு. மறுநாள் போனால் அது காத்திருப்பதில்லை. இறால் தடவும் இருளர் பெண்ணுக்கு அன்று நீரில் இறங்காவிட்டால் அன்று வருமானம் இல்லை, விடுப்புச் சம்பளம் என்பது அவர் கேள்விப்படாத ஒன்று.

ஏரியில் வலைகட்டும் ஆண்களின் நிலை இன்னும் நுட்பமானது. பழவேற்காட்டில் ‘பாடு’ என்னும் பழைய முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் முறை வைத்துத் தீர்மானிக்கிறது. அந்த முறையில் பங்கு பெறும் உரிமை தலைக்கட்டுக்கு உரியது. சாரா கோல்தார்ட் என்னும் ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, ஏரி மாறிவரும் காலத்தில் இம்முறை அம்மக்களின் வாழ்வில் வகிக்கும் இடத்தை விரிவாக ஆராய்ந்தது. முறை வந்த நாளில் மருத்துவமனை வரிசையில் நிற்பவர் இழப்பது ஒரு நாள் கூலியை அன்று. சுற்று முடிந்து மீண்டும் தன் முறை வரும்வரை ஈடுசெய்ய முடியாத நல்ல இடத்தின் நல்ல நாளை. கூலிக்கு வேலை செய்வோரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட செலவுக் கணக்குப் படிவங்கள், ‘இழந்த நாட்கள்’ என்ற கட்டத்தில் எல்லா நாட்களையும் ஒரே மதிப்பாக எழுதிக்கொள்கின்றன. பாடு முறையில் நாட்களுக்கு ஒரே மதிப்பு இல்லை. ஏரிக்கரை மக்களின் செலவை அளக்கப் புகும் எந்த ஆய்வும் முதலில் இதைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

காதுநோயின் இயல்பு இந்த இழப்பைப் பெருக்குகிறது. கண்புரைக்கு ஓர் அறுவை; பயணம் பெரும்பாலும் ஒருமுறை, பின் ஓரிரு பார்வைகள். வடியும் காதுக்கோ முதல் பார்வை, சொட்டு தொடங்கிய பின் மறுபார்வை, உலர்ந்ததா என்று உறுதி செய்யும் பார்வை, மீண்டும் வடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து என்று வரவு நீளும். நான்கே வரவு என்று வைத்துக்கொண்டாலும், குழந்தையோடு தாயும் போவதால் எட்டு ஆள்நாட்கள் செலவாகின்றன. அவற்றுள் நான்கு நாட்கள் பள்ளியிலும் நான்கு நாட்கள் பிழைப்பிலும் கழிகின்றன. ஒவ்வொரு வரவிலும் காதுக்குச் செய்யப்படும் வேலை பத்து நிமிடத்துக்கு மேற்படாது. இந்தப் பொருத்தமின்மையே சிகிச்சை பாதியில் நின்றுபோவதற்குக் காரணம். பாதியில் நின்ற சிகிச்சைக்கு அரசு செலவிட்ட பணமும் அதோடு போயிற்று. பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்தால், அரசின் ஏட்டில் சிறு தொகை கூடும்; குடும்பத்தின் ஏட்டில் பெருந்தொகை குறையும். இரண்டையும் சேர்த்து எண்ணும் சமூகப் பார்வையில்தான் இச்சேவையின் உண்மையான மதிப்பு புலப்படும்.

பயனைப் பற்றிய சான்றுகளுள் எச்சரிக்கையாக அமைந்த ஒன்றையும் இங்கே எடுத்துரைக்க வேண்டும். கென்யாவின் கியாம்பு மாவட்டத்துப் பள்ளிக் குழந்தைகள் 524 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 1996இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. காதை உலர்த்துவதோடு சொட்டு, வாய்வழி மருந்து ஆகியவையும் பெற்ற குழுவில் நூற்றுக்கு 51 குழந்தைகளுக்குச் சீழ் நின்றது. உலர்த்துதல் மட்டும் பெற்ற குழுவிலும், எந்தச் சிகிச்சையும் பெறாத குழுவிலும் நூற்றுக்கு 22 பேருக்கே நின்றது. மருந்தில்லாத வெறும் துடைப்பு, ஒன்றும் செய்யாததற்குச் சமமாயிற்று. பயிற்சி பெற்ற செவிலியரை நியமித்துவிட்டுச் சொட்டுமருந்து தீர்ந்துபோக விட்டால், அந்தச் சம்பளம் முழுவதும் வீண் என்பதே இதன் பொருள். தமிழகத்துக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு உண்டு. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கிடங்குகளின் வழியே ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை சேர்க்கும் முறையை உருவாக்கி, பிற மாநிலங்களும் பின்பற்றும் முன்மாதிரியாக விளங்குகிறது. காதுச் சொட்டுமருந்து விலையுயர்ந்த பொருளும் அன்று. அது நாள்தவறாமல் கையிருப்பில் இருப்பதை உறுதிசெய்வது, இத்திட்டத்தின் மிகச் சிறிய செலவும் மிக முக்கியமான செலவும் ஆகும்.

செவிலியர் எதைத் தாமே கையாளக் கூடாது என்பது இச்சேவையின் மறுபாதி. காதிலிருந்து தாங்க முடியாத நாற்றத்துடன் வெண்ணிறத் திரள் வந்தால், அது எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்னும் தோல்திரட்சியாக இருக்கக்கூடும். காதின் பின்புறம் வீங்குதல், முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், காய்ச்சலுடன் கடும் தலைவலி, தலைசுற்றல், ஓரிரு நாளில் திடீரெனக் காது கேளாமற்போதல் ஆகியவை அன்றே மேல்மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டால் விளையும் மூளைச்சீழுக்கான அறுவையும், நீங்காத முகவாதமும், உயிரிழப்பும், ஆயிரம் குறும்பி அகற்றிச் சேர்த்த பயனையெல்லாம் ஒரே நாளில் தின்றுவிடும். ஆகவே பயிற்சி, எழுத்திலான நெறிமுறை, ஒரு காது மருத்துவரின் தொடர்ந்த மேற்பார்வை ஆகியவற்றின் செலவைக் கணக்கில் காட்டாமல் சேவை மலிவு என்று காட்டுவது தவறு. சொட்டுமருந்து தருவதற்கும் மருத்துவரின் நிலையான எழுத்தாணை இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள மேல்நிலைச் செவிலியர் படிப்புகள் தீவிர சிகிச்சை, மகப்பேறு போன்ற துறைகளுக்கு உரியவை; ஆகவே காதுக்கான பயிற்சியைத் தனியே வகுத்தாக வேண்டும்.

இத்தகைய ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு அந்நியமானது என்று எவரும் சொல்ல முடியாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் திறந்துவரும் பார்வை மையங்களில், கிராமங்களிலிருந்தே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட பெண்கள் கண்ணைச் சோதித்து, தொலைவிலிருக்கும் மருத்துவரோடு இணையவழி கலந்து, அறுவை வேண்டியவரை மட்டுமே தாய் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துச் செவியியல் துறையினர், தமிழகக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்களே குழந்தைகளின் செவித்திறனை வீட்டில் சோதிக்கவும், ஐயத்துக்குரியவர்களுக்கு மேல்சோதனையை ஊருக்கே கொண்டுவந்து தொலைவிலிருந்து நடத்தவும் ஒரு திட்டம் வகுத்து, அதன் செலவையும் விளைவையும் 2018இல் வெளியிட்டார்கள். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. கண்ணுக்கும் இரத்தத்துக்கும் செய்ய முடிந்ததைக் காதுக்குச் செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

காகிதத்தில் இடமும் ஏற்கெனவே இருக்கிறது. 2007இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கிய தேசியச் செவிட்டுத்தன்மை தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் முதல் கிராமப் பணியாளர்வரை காது பராமரிப்பில் பயிற்சி அளிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. 2018க்குப் பின் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்ட துணை சுகாதார நிலையங்களின் பன்னிரண்டு சேவைகளுள் காது, மூக்கு, தொண்டைப் பராமரிப்பும் ஒன்று. இருந்தும் ஒரு நாள் பயிற்சி முகாமும் சுவரொட்டியும் சிகிச்சைப் பிரிவு ஆகிவிடாது. கிராம சுகாதார செவிலியரின் தோளில் கர்ப்பிணிகளின் பதிவு, தடுப்பூசி, இணையத் தரவேற்றம் என்று ஏற்கெனவே ஏறியிருக்கும் சுமையின் மேல் காதையும் ஏற்றுவது எளிது. அந்தச் செவிலியரின் நேரத்துக்கும் வாய்ப்பிழப்புச் செலவு உண்டென்பதை மறந்தவர்களுக்கே அது எளிது. ராதரம் நகரத்தில் பலன் தந்தது காதுக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்கள் நடத்திய சேவை; இங்கும் காதுக்கென்று ஒரு செவிலியர், காதுக்கென்று ஒரு கிழமை, காதுக்கென்று ஓர் அறை என்னும் ஏற்பாடு வேண்டும். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் குடும்ப மருத்துவ நிலையங்கள் குறும்பி அகற்றும் வேலையைக் கைவிட்டபோது, மக்கள் தனியாரிடம் பணம் கொடுத்துச் செய்துகொள்ள நேர்ந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். யாருடைய கடமை என்று வரையறுக்காத சேவை, நிதி இறுகும் முதல் ஆண்டிலேயே மறைந்துபோகிறது.

உள்ளூர் அறிவுடைய செவிலியரின் பயனுக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. ‘காதில் தண்ணீர் படக் கூடாது’ என்பது நகரத்து மருத்துவமனையில் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை. இறால் தடவிப் பிழைப்பவருக்கு அந்த அறிவுரை, பிழைக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும். வாசலின் தடவிய பஞ்சை வைத்துக் குளிக்கலாம், ஆனால் தலை முங்கும் வேலைக்கு அது போதாது, சீழ் நிற்கும்வரை வலை பழுதுபார்ப்பது போன்ற கரைவேலைகளுக்கு மாறிக்கொள்ளலாம், அதுவரை குடும்பத்தில் வேறு யார் நீரில் இறங்க முடியும் என்றெல்லாம் பேசித் தீர்வு காண்பவர், அந்தக் கரையில் வாரந்தோறும் இருப்பவராகவே இருக்க முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, காது பராமரிப்பில் முதலிடும் ஒவ்வொரு டாலரும் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 16 டாலராகத் திரும்பும் என்று மதிப்பிட்டது. குழந்தைகளின் செவித்திறன் இழப்பில் நூற்றுக்கு 60 பங்கு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பு. நோயால் இழந்த வாழ்நாளையும் இயலாமையோடு கழித்த வாழ்நாளையும் கூட்டி அளக்கும் உலகளாவிய அளவுகோலை வைத்துப் பார்த்த ஆய்வுகளும், தென்கிழக்காசியப் பகுதியில் வடியும் காதைச் சுத்தம் செய்து சொட்டு விடுவதை மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் சிகிச்சைகளுள் சேர்க்கின்றன. அந்த அளவுகோல் காது மந்தமான குழந்தையின் இழப்பை முழுதாகச் சொல்லிவிடுவதில்லை. வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து ஆசிரியர் சொல்வது பாதி கேட்டும் பாதி கேளாமலும் ‘மக்கு’ என்று பெயர் வாங்கி, ஐந்தாம் வகுப்போடு படகேறும் சிறுவனின் நட்டத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

ஆகவே திருவள்ளூர் மாவட்டச் சுகாதார நிர்வாகத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் இது: பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள், பயிற்சி பெற்ற ஒரு செவிலியரின் பொறுப்பில், ஒரு மருத்துவக் கல்லூரியின் காதுத் துறையோடு இணைக்கப்பட்ட காதுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்க வேண்டும். அது எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதைப் பாடு முறையை அறிந்த ஊர்ப் பெரியவர்களிடமும், மீன் விற்கும் பெண்களிடமும், இருளர் குடியிருப்புகளிலும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். முதல் நாளிலிருந்தே அரசு செலவிட்ட தொகையையும், குடும்பங்களுக்கு மிஞ்சிய நாட்களையும், உலர்ந்த காதுகளையும், மேல்மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு உண்மையில் போய்ச் சேர்ந்தவர்களையும் ஒரே பதிவேட்டில் எழுதிவர வேண்டும். அதற்குத் தேவையான கட்டடமும், மருந்து வழங்கும் கழகமும் இன்றே தமிழ்நாட்டில் இருக்கின்றன; செவிலியர்களும் இருக்கிறார்கள். பிறக்க வேண்டியது ஓர் அரசாணை மட்டுமே.